கேமராவை விடுங்கள், விடையைக் கேளுங்கள்

கேள்வி: நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு என் இரண்டாம் ஆண்டுப் பாடம் முழுவதையும் இணையவழியில் நடத்தும்படி நிர்வாகம் சொல்லிவிட்டது. வகுப்பில் 60 பேர். வருகைப் பதிவைப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோரும் இருக்கிறார்கள், ஆனால் ஒரு முகம்கூடத் தெரிவதில்லை. "புரிகிறதா?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. இணையத் தேர்வில் பெரும்பாலோர் 90க்கு மேல் வாங்குகிறார்கள். அடுத்த வாரம் அதே பாடத்தில் அடிப்படையான ஒன்றைக் கேட்டால் விழிக்கிறார்கள். மூன்று மணி நேரம் திரையைப் பார்த்துப் பேசி முடித்ததும், நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றதைவிட அதிகக் களைப்பு. இரவு 11 மணிக்கும் வாட்ஸ்அப்பில் சந்தேகம் வருகிறது. இந்த ஆண்டு பதிவு செய்த காணொளிகளையே அடுத்த ஆண்டும் போட்டுவிடலாம் என்று துறையில் பேச்சு அடிபடுகிறது. கேமராவைக் கட்டாயமாக்கலாமா? அல்லது எனக்குத்தான் கற்பிக்கத் தெரியாமல் போய்விட்டதா? (பெயர் வெளியிட விரும்பாத பேராசிரியை)

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. 90 வாங்கிய மாணவனுக்குப் பாடம் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். கற்பிப்பதில் அக்கறை போய்விட்டவர் அந்த மதிப்பெண்ணைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

உங்களுக்கு அற்றுப்போயிருப்பது, மாணவர்களிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வரவேண்டிய தகவல். வகுப்பறையில் ஒரு சூத்திரத்தைப் பலகையில் எழுதித் திரும்பும்போதே, யாருடைய பேனா நின்றுவிட்டது, யார் பக்கத்து நோட்டைப் பார்க்கிறார்கள், எந்த வரிசையில் புருவங்கள் சுருங்குகின்றன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். மணி அடித்ததும் வாசலில் நின்று சந்தேகம் கேட்கும் இரண்டு பேர், வகுப்பில் வாய் திறக்காத இருபது பேரின் குழப்பத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள். இவற்றையெல்லாம் நீங்கள் கேட்டு வாங்கியதில்லை, தாமாக வந்தன. இணையத்தில் எதுவும் தாமாக வராது. கேட்டால்தான் வரும், அதுவும் கேட்கிற விதத்தில் கேட்டால்தான் வரும். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது அடிப்படையில் இவ்வளவுதான். கேமரா, தேர்வு, களைப்பு என்று நீங்கள் எழுதியிருக்கும் எல்லாமே இதோடு முடிச்சுப் போட்டவை.

தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் இதை 1970களிலேயே சொன்னார். கல்வியில் தொலைவு என்பது கிலோமீட்டர் கணக்கு அல்ல. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடக்கும் உரையாடல் குறையக் குறைய அந்தத் தொலைவு கூடும். 300 பேர் அமர்ந்த அரங்கில் ஒருவர் பேசிக்கொண்டே போனால் முதல் வரிசைக்கும் அவர் தொலைவில்தான் இருக்கிறார். உங்கள் வகுப்பில் கூடியிருப்பது அந்தத் தொலைவு.

இனி கேமரா. கட்டாயமாக்க வேண்டாம். மாணவர்கள் ஏன் கேமராவை அணைத்து வைக்கிறார்கள் என்று கார்னெல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தங்கள் மாணவர்களிடமே கேட்டு, 2021இல் வெளியிட்டார்கள். அதிகம் பேர் சொன்ன காரணம், தங்கள் தோற்றம் குறித்த கூச்சம். பின்னால் வீட்டார் நடமாடுவது தெரியும், தங்கள் இருப்பிடம் தெரியும், இணைய வேகம் போதாது என்பவையும் வந்தன. ஒரே அறையில் நான்கு பேர் இருக்கும் வீட்டிலிருந்து வகுப்புக்கு வரும் பெண்ணிடம் "கேமராவைப் போடு" என்பது, வீட்டைத் திறந்து வகுப்புக்குக் காட்டு என்பதாகும். அவளுக்கு அது அவமானம். உங்களுக்கோ, திரையைப் பார்த்தபடி இருக்கும் ஒரு முகம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த முகம் கீழே வேறொரு செய்தியைப் படித்துக்கொண்டிருக்கலாம். ஐந்தாறு பேர் சேரும் சிறு குழு அமர்வுகளில், விருப்பமுள்ளவர்கள் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள். அங்கே பலர் தாமாகவே போடுவார்கள்.

அடுத்து, "புரிகிறதா?" என்ற கேள்வியை நீங்கள் இன்றோடு விட்டுவிட வேண்டும். அது வகுப்பறையிலும் பலவீனமான கேள்விதான். அங்கே முகங்கள் அதற்குப் பதில் சொல்லிவிட்டதால் அதன் பலவீனம் தெரியவில்லை. புரியாதவர் 59 பேர் முன்னிலையில் மைக்கைத் திறந்து "புரியவில்லை" என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். யார் சொல்வார்கள்? அதோடு, பெரும்பாலான ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று வினாடிகளாக நீட்டியதுமே விடைகள் நீண்டன, பதில் சொல்வோர் எண்ணிக்கையும் கூடியது. அது நேரடி வகுப்பின் கணக்கு. இணையத்தில் ஒலி போய்ச் சேரும் தாமதமும், மைக்கைத் தேடித் திறக்கும் தயக்கமும் சேர்ந்துகொள்ளும். ஒரு வினாடிக்குப் பிறகு "சரி, அடுத்ததற்குப் போவோம்" என்று நாம் நகரும்போதுதான் அவர்கள் காதில் கேள்வியே விழுந்திருக்கும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் பாடத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். திரையில் ஐந்து மதிப்பெண்களைக் காட்டுங்கள்: 40, 50, 60, 70, 80. இவற்றின் சராசரி 60, திட்ட விலக்கம் 14.14 என்று சேர்ந்தே கணக்கிட்டு முடித்துவிடுங்கள். பிறகு கேளுங்கள்: "ஐந்து பேருக்கும் 10 மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்துவிட்டோம். இப்போது திட்ட விலக்கம் என்ன ஆகும்? விடையைச் சாட் பகுதியில் எழுதி வையுங்கள். நான் சொல்லும்வரை யாரும் அனுப்ப வேண்டாம்." ஒரு முழு நிமிடம் எதுவும் பேசாதீர்கள். உங்களுக்கு அந்த நிமிடம் நீளமாகத் தோன்றும். பேச்சை நிறுத்தினால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வரும். போகாது, வேலை நடந்துகொண்டிருக்கும். பிறகு, "அனுப்புங்கள்."

ஒரே நேரத்தில் விடைகள் வந்து விழும். முதலில் அனுப்பியவரைப் பார்த்து எழுத யாருக்கும் வழியில்லை. சிலர் 24.14 என்று எழுதியிருப்பார்கள், 10ஐ அப்படியே திட்ட விலக்கத்தோடு கூட்டிவிட்டவர்கள். சிலர் "கூடும்" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஒருவர் "70" என்பார், அவர் சராசரியைச் சொல்கிறார். "மாறாது" என்பவர்கள் சிலர் இருப்பார்கள், அவர்களிலும் பாதிப் பேருக்கு ஏன் என்று தெரிந்திருக்காது. பத்துப் பேர் எதுவும் எழுதியிருக்க மாட்டார்கள், அதுவும் தகவல்தான். ஒரு பருவம் முழுக்கக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசிக் கிடைக்காதது அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். இதைச் செய்து பார்த்த ஆசிரியர்கள் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: நேரடி வகுப்பில்கூட இத்தனை பேருடைய விடை எனக்குக் கிடைத்ததில்லை. உண்மைதான். அங்கே எப்போதும் கை தூக்கும் நான்கு பேரின் விடைதான் கிடைக்கும். பேசக் கூசும் மாணவன் எழுதத் தயங்குவதில்லை. இணையம் தரும் நல்லவற்றில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன்.

இதற்கு அடுத்த இரண்டு நிமிடம்தான் இன்னும் முக்கியம். சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். "24.14 என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்க ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எங்கே தடுக்கிறது என்று பார்ப்போம்" என்று தொடங்குங்கள், பெயர் சொல்லாமல். எல்லோரும் சேர்ந்து 10 நகர்ந்தால் சராசரியும் 10 நகர்கிறது, ஒவ்வொருவருக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கிறது என்பதை "மாறாது" என்று எழுதிய ஒருவரையே சொல்லச் சொல்லுங்கள். பிறகு உடனே இரண்டாவது கேள்வி: "10 கூட்டாமல், ஒவ்வொருவர் மதிப்பெண்ணையும் இரு மடங்காக்கினால்?" மீண்டும் ஒரு நிமிடம். இம்முறை 28.28 எத்தனை பேரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஒரு மணி நேர வகுப்பில் இப்படி மூன்று, நான்கு கேள்விகள் போதும். அதற்காகப் பாடத்தில் கொஞ்சம் குறைத்துத்தான் ஆக வேண்டும், தயங்காமல் குறையுங்கள். எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் செலவிடும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. உங்கள் நேரலை வகுப்புக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனால் இடைவிடாமல் 50 நிமிடம் பேசினால் எவ்வளவு போய்ச் சேரும் என்பதை ஊகிக்கலாம்.

இந்தக் கேள்விகள் சோதனைக்கு மட்டும் அல்ல, கற்பதே அவற்றால்தான் நடக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்திற்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். படித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் ஒரு வாரத்திற்குப் பிறகு நடந்த தேர்வில் முந்தினார்கள். உங்கள் மாணவர்கள் தேர்வுக்கு முந்தின இரவு பதிவுகளை மீண்டும் ஓடவிட்டுப் பார்ப்பது முதல் வகை. அன்று தெளிவாகத் தெரிந்ததுபோல் இருக்கும், அடுத்த வாரம் நிற்காது.

ஓர் எச்சரிக்கை. முதல் சில வாரங்கள் மாணவர்கள் முணுமுணுப்பார்கள். "மேடம் நடத்துவதில்லை, கேள்விதான் கேட்கிறார்" என்று துறைத்தலைவர் வரை போகலாம். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாமே சிந்தித்துப் பதில் தேடும் வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான சொற்பொழிவு எல்லாம் புரிந்துவிட்ட உணர்வைத் தந்துவிடும். எனவே ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்பதை முதல் நாளே மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இப்போது, விடையே அனுப்பாத அந்தப் பத்துப் பேர். உங்கள் கடிதத்தில் இவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கோ இவர்களைப் பற்றித்தான் அதிகக் கவலை. இணையவழிக் கல்வி எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் சமுதாயக் கல்லூரி மாணவர்கள் 40,000க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஷூ, ஜாகர்ஸ் ஆகிய இருவர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். நேரடி வகுப்பைவிட இணைய வகுப்பில் எல்லாத் தரப்பினரும் ஓரளவு பின்தங்கினார்கள். ஏற்கெனவே மதிப்பெண் குறைந்தவர்கள், வயதில் இளையவர்கள், ஆண் மாணவர்கள், கறுப்பின மாணவர்கள் கூடுதலாகப் பின்தங்கினார்கள். தானாக நேரம் ஒதுக்கி, தானாக உட்கார்ந்து, தடுக்கும் இடத்தில் தானாகக் கைநீட்டிக் கேட்கத் தெரிந்த மாணவனுக்கு இணையம் நல்ல வசதி. அந்தப் பழக்கம் இன்னும் வராதவனை வகுப்பறையின் சுவரும் மணியும் பக்கத்து இருக்கை நண்பனும் தாங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அவனுக்கு அவர்கள் யாரும் இல்லை. அவன் மௌனமாக விலகுவான், வருகைப் பதிவில் மட்டும் இருப்பான்.

அவனுக்குப் பொது அறிவிப்பு போய்ச் சேராது. "அசைன்மென்ட் தராதவர்கள் உடனே சமர்ப்பிக்கவும்" என்று குழுவில் போடுவது, ஏற்கெனவே தந்துவிட்ட 50 பேர் படிக்கும் செய்தி. வாரத்திற்கு ஐந்து பேருக்கு, பெயர் சொல்லி, தனியாக நான்கு வரி எழுதுங்கள். இப்படி: "சென்ற இரண்டு வாரமாக உங்கள் விடைகள் வரவில்லை என்பதைக் கவனித்தேன். மதிப்பெண்ணுக்காகக் கேட்கவில்லை. பாடத்தில் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று ஒரு வரி எழுதுங்கள், அங்கிருந்து தொடங்கலாம். வேறு சிரமம் எதுவும் இருந்தாலும் சொல்லுங்கள்." இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. கவனிக்கப்படுகிறோம் என்று முதல் வரி சொல்கிறது. பயத்தை இரண்டாவது வரி எடுக்கிறது. மூன்றாவது, மிகச் சிறிய வேலையை மட்டும் கேட்கிறது. கடைசி வரி, மாணவன் சொல்லக் கூசுகிற விஷயத்திற்கு வாசலைத் திறந்து வைக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன், வீட்டில் ஒரே கைபேசி, தங்கைக்கும் அதே நேரத்தில் வகுப்பு என்றெல்லாம் அந்த வாசல் வழியாகத்தான் வரும். வந்தால் அதைக் கையாளும் பொறுப்பு உங்களுடையது மட்டும் அல்ல. மாணவர் ஆலோசகர் இருந்தால் அவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: உங்கள் ஸ்லைடுகளை ஒருமுறை உங்கள் கைபேசியில் திறந்து பாருங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் அட்டவணை அங்கே எறும்பு வரிசைபோல் இருக்கும். பாதி வகுப்பு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

தேர்வு விஷயத்தில் அதிகம் மூளையைக் கசக்க வேண்டாம். எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் விடைகள், வீட்டில் இருந்தபடி எழுதலாம் என்றால் விடைகள் குழுவில் சுற்றத்தான் செய்யும். கேமரா வைத்துக் கண்காணிக்கும் மென்பொருள்கள் நேர்மையான மாணவனின் பதற்றத்தைக் கூட்டுகின்றன. ஏமாற்ற நினைப்பவன் வேறு வழி தேடிக்கொள்வான். உங்கள் பாடத்தில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் பதிவு எண்ணின் இலக்கங்களைத் தரவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று வைத்தால் பெரும்பாலோருக்கு வெவ்வேறு விடை வரும். அதோடு வாரம் ஆறு பேரை ஐந்து ஐந்து நிமிடம் அழைத்து, "நீங்கள் எழுதிய இந்த வரியை விளக்குங்கள்" என்று கேளுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். பத்து வாரத்தில் 60 பேரும் முடிந்துவிடுவார்கள். என்றாவது வாயால் விளக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தாலே படிக்கும் விதம் மாறும். அந்த மதிப்பெண்ணுக்கு அகமதிப்பீட்டில் இடம் கொடுங்கள்.

உங்கள் களைப்பு உண்மையானது, அதற்குக் காரணங்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்கைக் குறிப்பிட்டார்: மிக அருகில் இடைவிடாமல் முகங்கள் நம்மைப் பார்ப்பது, நம் முகத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது, ஓரிடத்தில் கட்டுண்டு அமர்ந்திருப்பது, இயல்பாக நடக்கும் சைகைப் பரிமாற்றத்தை முயன்று செய்ய வேண்டியிருப்பது. உங்களுக்கு முதலாவது இல்லை, நான்காவது மற்றவர்களைவிடப் பல மடங்கு, ஏனெனில் நீங்கள் அனுப்புகிறீர்கள், எதுவும் திரும்பி வருவதில்லை. மேலே சொன்ன கேள்விகள் அதையும் குறைக்கும். உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள், நாளை முதலே. பெண்களுக்குத் திரைக்களைப்பு கூடுதலாக இருப்பதற்குத் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று அதே குழுவினர் கண்டார்கள். முடிந்தால் நின்று நடத்துங்கள். மாணவர்கள் எழுதும் அந்த ஒரு நிமிடத்தில் ஜன்னலைப் பாருங்கள்.

இரவுச் செய்திகளுக்கு: "மாலை 5 முதல் 6 மணிவரை பதில் சொல்வேன், அதற்குப் பிறகு வருபவற்றுக்கு மறுநாள்" என்று எழுதிப் போட்டுவிட்டு அதை மீறாதீர்கள். ஒருமுறை 11 மணிக்குப் பதில் சொல்லிவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாது. ஒரே சந்தேகம் மூன்று பேரிடமிருந்து வந்தால் தனித்தனியாகப் பதில் சொல்லாமல், எல்லோருக்குமாகக் குழுவில் எழுதிவிடுங்கள்.

கடைசியாக, பதிவுகளையே மறு ஆண்டும் ஓட்டும் யோசனை. பதிவுகளை நான் எதிர்க்கவில்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கும், கைக்குழந்தையோடு படிக்கும் தாய்மார்களுக்கும், காது கேளாதவர்களுக்கு வசன வரிகளோடும் அவை பெரிய உதவி. இப்படிப்பட்டவர்களை மனத்தில் வைத்து 1969இல் தொடங்கிய பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஒலிபரப்போடும் அச்சுப் பாடத்தோடும் நிறுத்திக்கொள்ளவில்லை. ஒப்படைப்புகளைத் திருத்திக் கருத்து எழுதி அனுப்பப் பயிற்றுநர்களையும் அமர்த்தியது. ஆசிரியரை எடுத்துவிட்டுப் பதிவை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அனுபவம் இருக்கிறது. எம்ஐடியும் ஹார்வர்டும் நடத்திய திறந்த இணையப் பாடங்களின் தரவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரைப்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். கட்டணமின்றி எட்டிப் பார்க்க வருபவர்கள் அதில் அதிகம், ஆகவே ஒரு கல்லூரி வகுப்போடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் காணொளி மட்டுமே ஒருவரைக் கடைசிவரை இழுத்துச் செல்லாது என்பது அதில் தெளிவு.

நிர்வாகத்திடம் இதைக் குறையாகச் சொல்லாமல், எழுத்தில் திட்டமாகக் கொடுங்கள். முழு இணையப் பாடம் ஒன்றை முறையாக வடிவமைக்க வழக்கமாக 6 முதல் 9 மாதம் ஆகும் என்று, 2020 மார்ச்சில் பெருந்தொற்று தொடங்கியபோதே அத்துறை வல்லுநர்கள் எழுதினார்கள். அவசரத்திற்குத் திரைக்கு மாற்றுவது வேறு, இணையக் கல்வி வேறு என்பதுதான் அவர்களின் வாதம். பதிவுகளை விளக்கவுரைக்கு வைத்துக்கொள்ளலாம், நேரலை நேரத்தைக் கேள்விகளுக்கும் சிறு குழுக்களுக்கும் கொடுங்கள், வாரம் அரை மணி வாய்மொழித் தேர்வையும் தனிச் செய்திகளையும் என் பணிநேரத்தில் கணக்கிடுங்கள் என்று கேளுங்கள். அதோடு ஒரே ஒரு தாளை இணையுங்கள். ஒரு பத்தியில் கடந்த இணையத் தேர்வின் மதிப்பெண்கள், பக்கத்தில் அதே மாணவர்கள் உங்கள் நேரலைக் கேள்விகளுக்கு அனுப்பிய விடைகள், பெயர்கள் இல்லாமல். 90 வாங்கியவர்களில் எத்தனை பேர் 24.14 என்று எழுதினார்கள் என்பது அதில் தெரியும்.